கில்ன் மாஸ்டர் எழுதிய ஆங்கிலப் பரீட்சை

நான் பி.ஏ. ஆங்கில இலக்கியம் படித்தவன். எங்கள் கேம்ப்பில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். துபாய்க்கு வடக்கே ராஸ் அல் கைமாவில் மலையை ஒட்டி இருக்கும் ஒரு டைல்ஸ் கம்பெனியில் எனக்கு வேலை. பெல்ட்டில் வரும் டைல்ஸை லைட் வெளிச்சத்தில் பார்த்து, இது முதல் தரம், இது இரண்டாம் தரம், இது குப்பை என்று பிரித்துவிட வேண்டும். இதற்கு இலக்கியம் எதற்கு, கண் இருந்தால் போதும் என்று என் ரூமில் இருப்பவர்கள் சொல்வார்கள். கோபம் வரும். ஆனால் அவர்கள் சொல்வது உண்மை.

ஊரில் அம்மா மட்டும், பையன் அங்கே நாள் முழுக்க இங்கிலீஷில்தான் பேசுகிறான் என்று பக்கத்து வீட்டில் சொல்லி வைத்திருக்கிறாள். சூப்பர்வைசர் லாகூர்க்காரர். பேக்கிங்கில் இருப்பவர்கள் நேபாளிகள். லோடிங்கில் வங்காளிகள். ஸ்டோரில் ஓர் எகிப்துக்காரர். இத்தனை பேருக்கும் நடுவில் ஓடுவது இந்தி, அதுவும் இந்திக்காரர்கள் கேட்டால் காதைப் பொத்திக்கொள்ளும் இந்தி. மேலே அரபியைத் தூவி, உள்ளே கொஞ்சம் தமிழும் மலையாளமும் போட்டுக் கிளறியது. வேகமாக என்றால் ஜல்தி. முடிந்தது என்றால் கலாஸ். இல்லை என்றால் மாஃபி. இந்தப் பாஷையில் நானும் கெட்டிக்காரனாகிவிட்டேன். ஆங்கிலத்தில் ஒரு வாக்கியத்தைத் தொடங்கி முடித்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

கில்ன் மாஸ்டரும் இந்தப் பாஷைக்காரர்தான். ஆள் சீனாக்காரர். கில்ன் என்பது டைல்ஸ் வேகும் சூளை. ஊரில் பார்க்கும் செங்கல் சூளை மாதிரி இருக்காது. ஒரு தெரு நீளத்துக்குக் கிடக்கும் நெருப்புக் கூண்டு அது. பச்சை டைல்ஸ் ஒரு முனையில் உள்ளே போய் மறுமுனையில் வெந்து வெளியே வரும். அந்த மெஷின் சீனாவிலிருந்து வந்தபோது கூடவே ஆட்களும் வந்தார்கள். பூட்டி, ஓட்டிக் காட்டிவிட்டு மற்றவர்கள் ஊருக்குப் போனார்கள். இவர் மட்டும் சூளைக்குக் காவலாகத் தங்கிவிட்டார். நெருப்பின் நிறத்தைப் பார்த்தே உள்ளே என்ன கோளாறு என்று சொல்வார். மெஷின் மக்கர் பண்ணினால் அதன் தகரத்தில் ஒரு தட்டுத் தட்டி, "டேய்!" என்று அதட்டுவார். அந்த டேய் நாங்கள் கொடுத்ததுதான்.

அவருக்குப் பாஷை சொல்லிக்கொடுத்தது எங்கள் ரூமில் இருந்த ராமநாதபுரத்து அண்ணன். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர். யாராவது வாய்பேசாமல் சும்மா இருந்தால் அவருக்குத் தூக்கம் வராது. கில்ன் மாஸ்டர் வந்த புதிதில் கையையும் காலையும் ஆட்டிச் சைகை செய்துகொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "இந்தா மனுசன் இப்புடி டான்ஸ் ஆடிக்கிட்டே எத்தன நாளைக்கு இருப்பாரு" என்று தானாகப் போய் ஒட்டிக்கொண்டார். நெருப்பைக் காட்டி "கரம்" என்றார். தண்ணீரைக் காட்டி "பானி" என்றார். மத்தியானம் தட்டைக் காட்டி "கானா காயா?" என்றார், சாப்பிட்டாயா என்று. கில்ன் மாஸ்டர் ஒவ்வொன்றையும் வாய்க்குள் போட்டு மென்று, பிறகு உரக்கச் சொல்லிப் பார்ப்பார். ஒரு வருஷத்தில் எங்களைவிட நன்றாகப் பேச ஆரம்பித்துவிட்டார். காலையில் உள்ளே நுழையும்போதே, "ஹலோ பாய்! கைசா ஹை? டென்ஷன் மாஃபி!" என்று அந்தக் கொட்டகையே கேட்கும்படி கூவுவார். எப்படி இருக்கிறாய், கவலை இல்லாமல் இரு என்று அர்த்தம். அந்தக் குரலைக் கேட்காத காலை எங்களுக்குக் காலையாகத் தோன்றாது.

ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு லீவு. அவர் தங்கியிருந்தது அடுத்த பிளாக்கில். தனியாகச் சாப்பிடப் பிடிக்காமல், தக்காளியும் முட்டையும் போட்டு வதக்கிய ஒரு பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு எங்கள் ரூமுக்கு வந்துவிடுவார். அண்ணனின் மீன் குழம்பும் அவருடைய தக்காளி முட்டையும் ஒரே தட்டில் கலக்கும். முதலில் முகம் சுளித்தேன். இப்போது அது இல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

அப்படி ஒரு ஞாயிறு அவர் முட்டையோடு போனையும் நீட்டினார். திரையில் ஒரு கேள்வித்தாளின் படம். ஆங்கிலக் கேள்வித்தாள். என்னைச் சுட்டிக்காட்டி, "நீ இங்கிலீஷ் படா மாஸ்டர்" என்றார். நான் பி.ஏ. என்பதை அண்ணன் ஒளிபரப்பியிருக்கிறார் என்று புரிந்தது. நீளமான விஷயம் என்றால் கில்ன் மாஸ்டர் மொழிபெயர்க்கும் ஆப்பில் சீனத்தில் எழுதுவார், எனக்கு ஆங்கிலத்தில் வரும். நான் ஆங்கிலத்தில் எழுதினால் அவருக்குச் சீனத்தில் போகும். அப்படித்தான் விஷயம் தெரிந்தது. அவருக்கு ஒரே மகள். அவர்கள் ஊர்ப் பள்ளியில் விடுதியில் தங்கி மேல்நிலைக் கடைசி வகுப்பு படிக்கிறாள். ஜூனில் அந்த நாடே எழுதும் பெரிய பரீட்சை. நம் ப்ளஸ் டூவும் நீட்டும் கைகோத்துக்கொண்டு ஒன்றாக வந்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலம் அதில் பெரிய பங்கு. அந்தப் பெண் ஆங்கிலத்தில் வகுப்பிலேயே முதலாவதாக வந்தவள். கொஞ்ச நாளாக மாதிரிப் பரீட்சை ஒவ்வொன்றிலும் சரிந்துகொண்டே போகிறாள். ஏன் என்று பார்த்துச் சொல்ல வேண்டும். இதுதான் எனக்கு வந்த வேலை.

கேள்வித்தாளைப் பார்த்ததும் எனக்குக் கை பரபரத்தது. நான் கல்லூரியில் எழுதிய பரீட்சையெல்லாம் நோட்ஸை மனப்பாடம் செய்து கக்கியது. இது அப்படி இல்லை. ஒரு கதையைக் கொடுத்து, நடுநடுவே சொல்லைப் பிடுங்கிவிட்டு, ஒவ்வொரு பள்ளத்துக்கும் நாலு சொல்லைக் கொடுத்து எது பொருந்தும் என்று கேட்டிருந்தார்கள். ஒரு கட்டுரையிலிருந்து ஐந்து வாக்கியத்தை எடுத்துவிட்டு, கையில் ஏழைக் கொடுத்து, எது எங்கே என்று கேட்டிருந்தார்கள். கூடுதலாகக் கொடுத்த இரண்டும் ஆளைக் கவிழ்க்க. இன்னொரு பக்கம் பாதிக் கதை. மீதியை இரண்டு பத்தியில் நீயே எழுது என்று விட்டிருந்தார்கள். ரயில் நிலையத்தில் முன்பின் தெரியாதவர்களின் உடைந்த குடைகளைச் சரிசெய்துகொடுக்கும் ஒரு பெண்ணைப் பற்றிய கதை அது. விடை எழுத வந்தவன் என்பதை மறந்து, கதையில் உட்கார்ந்துவிட்டேன்.

"என்ன சாரு, பேச்சு மூச்சக் காணோம். ஃபெயிலா?" என்றார் அண்ணன்.

"பேசாம இருங்கண்ணே. இது எழுதுனவரோட மனநிலை என்னன்னு கேக்குறான்."

"அவரு மனநிலை நமக்கு எதுக்கு? மீனு தீயுது பாரு."

மீன் தீய்ந்தது. எழுதியவரின் மனநிலை கோபம் என்று நான் போட்டேன். கூட வந்த விடைக்குறிப்பில் வருத்தம் என்று இருந்தது. என் மனநிலையை எழுதிவிட்டேன் போலிருக்கிறது. ஆனாலும் மொத்தத்தில் பரவாயில்லாமல் தேறினேன். அடுத்த படத்தில் இருந்த அந்தப் பெண்ணின் விடைகளைப் பார்த்தால் எனக்குக் குழப்பம்தான் மிஞ்சியது. இலக்கணம் எல்லாம் சுத்தம். கடினமான இடங்களில் சரியான விடையை முதலில் குறித்திருக்கிறாள். பிறகு அதை அழித்துவிட்டு வேறொன்றைக் குறித்திருக்கிறாள். படத்தில் அழித்த தடம் தெரிந்தது. தெரியாமல் தப்பு செய்தவளின் தாள் இல்லை அது. தெரிந்ததை நம்பாதவளின் தாள்.

இதை ஆப்பில் எழுதிக் காட்டினேன். கில்ன் மாஸ்டர் வெகுநேரம் படித்தார். பிறகு எழுதினார். 'அவள் பயப்படுகிறாள். புத்தகத்து ஆங்கிலம் வேறு, வாயால் பேசும் ஆங்கிலம் வேறு, எனக்குப் புத்தகத்து ஆங்கிலம்தான் தெரியும், நிஜம் தெரியாது என்கிறாள். அதனால்தான் ஒவ்வொரு ஞாயிறும் நான் அவளோடு ஆங்கிலத்தில் பேசிப் பழக்குகிறேன். பழக்கப் பழக்க மோசமாகிறாள்.'

கடைசி இரண்டு வாக்கியங்களை நான் திரும்பப் படித்தேன். ஆப் ஏதோ உளறுகிறது என்று நினைத்தேன். எப்படிப் பேசுகிறீர்கள், அடுத்த ஞாயிறு எங்கள் முன்னால் பேசுங்கள், பார்க்கிறேன் என்று எழுதினேன். மனிதருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

அந்தப் பள்ளியில் ஞாயிறு மதியம் மட்டும்தான் பிள்ளைகளுக்குப் போன் கிடைக்குமாம். அங்கே மதியம் என்றால் எங்களுக்குக் காலை. இங்கே எந்த ஆப்பில் வீடியோ கால் போகும், எதற்குத் தடை என்பது தனிப் படிப்பு. ஒருவழியாக இணைப்பு கிடைத்து, திரையில் ஒரு பெண் வந்தாள். நீலமும் வெள்ளையுமாகப் பள்ளியின் தொளதொள ஜாக்கெட், கண்ணாடி, கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கறுப்பு. கில்ன் மாஸ்டர் நிமிர்ந்து உட்கார்ந்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, ஆரம்பித்தார்.

"ஹலோ! கைசா ஹை? கானா காயா? காம் அச்சா? ஜல்தி ஜல்தி மாஃபி, தோடா தோடா. டென்ஷன் மாஃபி! சரியா?"

படிப்பு நன்றாகப் போகிறதா, அவசரம் வேண்டாம், கொஞ்சம் கொஞ்சமாகப் படி என்கிறார். ரூமில் ஒரே சிரிப்பு. அண்ணன் தொடையைத் தட்டிச் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தப் பெண் சிரிக்கவில்லை. பெரிய ஆபீசர் முன்னால் இன்டர்வியூவுக்கு உட்கார்ந்தவளைப் போல உதட்டைக் கடித்துக்கொண்டு கேட்டாள். பிறகு, அட்சரம் பிசகாத ஆங்கிலத்தில், மன்னிக்க வேண்டும் அப்பா, எனக்குப் புரியவில்லை, தயவுசெய்து இன்னும் கொஞ்சம் மெதுவாகச் சொல்ல முடியுமா என்று கேட்டாள்.

கில்ன் மாஸ்டர் மெதுவாகச் சொன்னார். "கா...னா... கா...யா?"

அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. எங்கள் சிரிப்பு அப்படியே அடங்கிவிட்டது.

அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. இந்த மனிதர் நாங்கள் பேசுவதை ஆங்கிலம் என்று நம்பிக்கொண்டிருக்கிறார். சின்ன வயதிலேயே சூளைக்கு வந்தவர். பள்ளியில் ஆங்கிலம் கற்க வாய்ப்பே இல்லை. வெளிநாடு என்றால் ஆங்கிலம் என்று எல்லோரும் சொல்லி அனுப்பினார்கள். வந்த இடத்தில் எல்லோரும் ஒரே பாஷை பேசினார்கள். அது சீனம் இல்லை. அப்படியானால் அது ஆங்கிலம்தானே? எந்தக் கோர்ட்டிலும் நிற்கும் வாதம். வந்த புதிதில் அவர் ஆப்பை ஆங்கிலத்தில் வைத்து எங்கள் வாயருகே நீட்டுவார். அது கன்னாபின்னாவென்று எதையோ காட்டும். அதற்கு மெஷின் சத்தத்தில் காது கேட்கவில்லை என்று சொல்லி உள்ளே வைத்துவிடுவார். நாங்களும் ஆமாம் போட்டோம். அவர் எங்களிடம் இது ஆங்கிலமா என்று கேட்டதே இல்லை. நாங்களும் சொன்னதில்லை. சொல்ல வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

அந்தப் பெண்ணோ அப்பாவை நம்பினாள். அப்பா வெளிநாட்டில் ஆங்கிலத்திலேயே வேலை பார்க்கிறார். அவர் பேசுவதில் ஒரு சொல்கூடத் தனக்குப் புரியவில்லை. அப்படியானால் இத்தனை வருஷம் தான் படித்தது என்ன? தன் டீச்சரிடம் கேட்டாளாம். பேச்சு வழக்கு நாட்டுக்கு நாடு மாறும், காதைப் பழக்கு என்றாராம் அவர். அவளும் பழக்கினாள். மாதக்கணக்கில், ஞாயிறு தவறாமல், இந்தியையும் அரபியையும் ஆங்கிலம் என்று நினைத்துக் காதைத் தீட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். ஜூன் நெருங்கிக்கொண்டிருந்தது.

கில்ன் மாஸ்டர் போனதும் ரூமில் சண்டை.

"சொல்லிரணும்ணே. இன்னக்கே சொல்லிரணும்" என்றேன்.

"என்னன்னு சொல்லுவ? நீ பேசுறது இங்கிலீஷே இல்லடான்னா? மூணு வருசமா மனுசன் நெஞ்ச நிமித்திக்கிட்டுத் திரியுறாரு. அவுக ஊருல, அவுக சொந்தத்துல, இங்கிலீஷ் பேசுற ஒரே ஆளு அவருதானாம். போட்டோ காட்டிச் சொல்லுவாரு. அத ஒடைக்கச் சொல்றியா?"

"அந்தப் புள்ள ஒடையுதேண்ணே!"

நான் கத்திவிட்டேன். எனக்குக் கோபம் வந்தால் குரல் என் பேச்சைக் கேட்காது. அண்ணன் குழம்புச் சட்டியைத் தேய்க்க ஆரம்பித்தார். தேய்த்துத் தேய்த்து அடி வெளுத்துப் போனது. பிறகு திரும்பிப் பார்க்காமலே, "நாந்தான்டா சொல்லிக் குடுத்தேன்" என்றார். அவருடைய கஷ்டம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பாவமாக இருந்தது.

எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். ஆப்பில் எழுதிக் காட்டினால் ஆப் உளறுகிறது என்பார். முகத்துக்கு நேரே சொல்ல எனக்கு வாய் இல்லை. கடைசியில் அந்தக் கேள்வித்தாளே வழி காட்டியது. அந்த ஊர்ப் பரீட்சையில் முதல் பகுதி, கேட்டு விடை எழுதுவது. ஒலிபெருக்கியில் குரல் வரும். பிள்ளைகள் கேட்டுவிட்டு, கொடுத்த விடைகளில் ஒன்றைக் குறிக்க வேண்டும். நான் அதே மாதிரி ஒரு பரீட்சை தயாரித்தேன். டைல்ஸ் பெட்டி அட்டையின் உள்பக்கத்தைக் கிழித்து, கட்டம் போட்டு, மேலே சீன எழுத்தில் ஆப்பைப் பார்த்து வரைந்தேன். ஏ என்றால் ஆங்கிலம். பி என்றால் இந்தி. சி என்றால் அரபி. டி என்றால் தமிழ். சொல் ஒவ்வொன்றும் வாயால் சொல்லப்படும். எந்தப் பாஷை என்று குறிக்க வேண்டும். குரல் கொடுக்க அண்ணனைக் கேட்டேன். முடியாது என்றார். பிறகு வேறு யார் சொன்னாலும் அவருக்குப் புரியாது என்று சொல்லி, தானே வந்தார்.

டியூட்டி முடிந்து, வெயில் தணிந்த நேரத்தில், கொட்டகைக்கு வெளியே சரக்கு அடுக்கும் பாலெட் கட்டையில் கில்ன் மாஸ்டரை உட்கார்த்தினோம். பரீட்சை என்றதும் அவருக்கு ஒரே குஷி. மகளோடு தானும் படிக்கிறேன் என்று நினைத்திருப்பார். பென்சில் முனையை எச்சில் தொட்டுக்கொண்டு தயாரானார்.

"ஜல்தி" என்றார் அண்ணன். அந்தப் பரீட்சையில் போலவே இரண்டு முறை. "ஜல்தி."

ஏ.

"கலாஸ். கலாஸ்."

ஏ.

"பானி." ஏ. "மாஃபி." ஏ. "டியூட்டி." ஏ. "டென்ஷன்." ஏ. "ஓகே." ஏ. "சரி." ஏ. "கானா காயா." கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. ஏ. "ஐயோ" என்பதற்கும் ஏ. "டேய்" என்பதற்கு மட்டும் என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு, ஏ. அண்ணனின் குரல் வரவர இறங்கிக்கொண்டே போனது. கடைசிச் சொல்லை அவர் ஒருமுறைதான் சொன்னார்.

எல்லாவற்றுக்கும் ஏ. அட்டையைக் கௌரவமாக இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார். அவர்கள் பழக்கம் அது. எதைக் கொடுத்தாலும் இரண்டு கையால்தான் கொடுப்பார்.

நான் திருத்தினேன். வேறு வழி இல்லை. டியூட்டிக்கும் டென்ஷனுக்கும் ஓகேவுக்கும் சரி போட்டேன். மற்றதையெல்லாம் அடித்துவிட்டு, பக்கத்தில் பி, சி, டி என்று எழுதினேன். அவர் எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார். முதல் நாலைந்து தப்புக்குத் தலையில் தட்டிக்கொண்டு சிரித்தார். அதன் பிறகு சிரிப்பு நின்றது. விரலை வைத்து மேலிருந்து கீழே ஒருமுறை வந்தார். அண்ணனைப் பார்த்தார். அண்ணன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "பாய், ஐயோ, பாய்" என்றார். அதற்கு மேல் அவருக்கும் பாஷை வரவில்லை.

கில்ன் மாஸ்டர் அட்டையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தன் பிளாக்குக்கு நடந்தார்.

மறுநாள் காலை கொட்டகையில் ஹலோ பாய் இல்லை. அவர் வந்தார், வேலையைப் பார்த்தார், ஏதாவது வேண்டுமானால் ஆப்பில் எழுதிக் காட்டினார். மெஷின் மக்கர் பண்ணியபோது தட்டினார், டேய் என்று சொல்லவில்லை. நேபாளிப் பையன்கள் என்னிடம் வந்து, மாஸ்டருக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டார்கள். லாகூர்க்காரர்கூடக் கேட்டார். அண்ணன் ஃபோர்க்லிஃப்ட்டைக் கொண்டுபோய்த் தூணில் இடித்து வார்னிங் வாங்கினார். எனக்கு வந்த ஆத்திரத்தில் நல்ல டைல்ஸை எல்லாம் இரண்டாம் தரத்தில் தள்ளினேன். அந்த வாரம் முழுக்க அந்தக் கொட்டகையில் நெருப்பு மட்டும்தான் பேசியது.

சனிக்கிழமை டியூட்டி முடியும் நேரம் என்னிடம் வந்து போனை நீட்டினார். 'நாளைக்கு மகளிடம் சொல்கிறேன். தனியாகச் சொல்லப் பயமாக இருக்கிறது. உங்கள் ரூமிலிருந்து பேசலாமா?'

நான் ஆப்பில் ஒன்றும் எழுதவில்லை. "சரி" என்றேன். அது அவருக்குப் புரியும். எந்தப் பாஷை என்பதும் இப்போது தெரியும்.

ஞாயிறு காலை தக்காளி முட்டை வந்தது. யாரும் தொடவில்லை. திரையில் அந்தப் பெண் வந்ததும், வழக்கமான ஹலோவுக்குத் தயாராக முகத்தை இறுக்கிக்கொண்டாள். கில்ன் மாஸ்டர் சீனத்தில் பேச ஆரம்பித்தார். ரொம்ப நேரம் பேசினார். எங்களுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனால் அவர் குனிந்த தலை நிமிரவே இல்லை. நடுவில் பையிலிருந்து அட்டையை எடுத்துத் திரையில் காட்டினார். அந்தப் பெண் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. அப்புறம் அவள் ஏதோ கேட்டதும், கில்ன் மாஸ்டர் போனை என் பக்கம் திருப்பினார்.

ஐயா, அப்பா சொல்வது நிஜமா என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

நான் வாயைத் திறந்தேன். பயம் எனக்கு. எங்கள் ஊர் உச்சரிப்பு, துருப்பிடித்த வாக்கியம். ஆனாலும் பேசினேன். நிஜம்தான் என்றேன். உன் அப்பா பேசுவது நாங்கள் இங்கே எல்லோரும் பேசுகிற கலவை, அதில் ஆங்கிலம் உப்பளவுதான் என்றேன். நான் ஆங்கிலம் படித்தவன், உன் கேள்வித்தாளைப் பார்த்தேன், நீ முதலில் குறித்து அழித்த விடைகளெல்லாம் சரி, இனிமேல் அழிக்காதே என்றேன். அந்தக் குடை சரிசெய்யும் பெண்ணின் கதை எனக்கு ரொம்பப் பிடித்தது என்றும் சொன்னேன். என்னை அறியாமல் பேச்சு நீண்டுகொண்டே போனது. இடையில் அவள் ஒருமுறைகூட மெதுவாகச் சொல்லுங்கள் என்று கேட்கவில்லை. நான் நிறுத்தியதும், எல்லாம் புரிந்தது என்றாள். எல்லாமே புரிந்தது என்று இன்னொரு முறை சொல்லி அழுதாள். என் ஆங்கிலம் ஒருத்திக்குப் புரிந்துவிட்டது, இத்தனை வருஷத்துக்குப் பிறகு. அண்ணன் என் முதுகில் ஒரு குத்துக் குத்தினார்.

கில்ன் மாஸ்டர் மட்டும் ஒன்றும் புரியாமல் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். தன் மகள் பேசும் பாஷை தனக்குத் தெரியாது என்று அன்றைக்குத்தான் அவர் முதல்முறையாக அறிந்து உட்கார்ந்திருந்தார். அந்தப் பெண் அதைப் பார்த்துவிட்டாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு சீனத்தில் அப்பாவிடம் ஏதோ சொன்னாள். அவர் மறுத்தார். அவள் விடவில்லை. பிறகு அவர் அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு, தொண்டையைக் கனைத்தார்.

"ஜல்தி. ஜல்தி."

அவள் அந்தப் பரீட்சையை எழுதினாள். அப்பாதான் குரல். முதலில் முணுமுணுத்தவர், போகப் போக நிமிர்ந்து, கானா காயாவுக்கு வந்தபோது பழைய சத்தத்துக்கு வந்துவிட்டார். அவள் தன் தாளைத் திரைக்கு நேரே பிடித்தாள். இந்தியை அரபி என்றிருந்தாள், அரபியைத் தமிழ் என்றிருந்தாள், டேய் என்பதை இந்தி என்றிருந்தாள். ஆனால் ஏ போட்டிருந்தது டியூட்டிக்கும் டென்ஷனுக்கும் ஓகேவுக்கும் மட்டும். மற்ற எதற்கும் போடவில்லை. போட்ட எதையும் அழிக்கவுமில்லை.

"பாஸு!" என்று கத்தினார் அண்ணன். அதன் பிறகுதான் நாங்கள் முட்டையைத் தொட்டோம்.

ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு நிற்கவில்லை. என்னோடு கொஞ்ச நேரம் ஆங்கிலம். பிறகு அப்பாவோடு வெகுநேரம். அவர்கள் என்ன பேசினார்கள் என்று நான் காது கொடுக்கவில்லை. ஆனால் கொட்டகையில் டேய் திரும்பி வந்துவிட்டது. இப்போதெல்லாம் கில்ன் மாஸ்டர் ஒரு புதுச் சொல் கேட்டால், "ஏ, பி, சி, டி?" என்று கேட்டுவிட்டுத்தான் வாயில் போட்டுக்கொள்கிறார். ஏ என்று சொன்னால் இரண்டு முறை கேட்டு உறுதிசெய்கிறார்.

ஜூன் பரீட்சையில் அந்தப் பெண்ணுக்கு மார்க் பிறகு நன்றாகவே வந்தது. ஆனால் எனக்கு மனதில் நிற்பது பரீட்சை முடிந்த அந்த நாள்தான். எங்களுக்குச் சாப்பாட்டு நேரம். கில்னுக்குப் பக்கத்தில் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம், கில்ன் மாஸ்டர் டிபனைத் திறக்காமல் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார். அந்த மெஷின் சத்தத்தையும் தாண்டி மகளின் குரல் வந்தது.

"ஹலோ பாய்! எக்ஸாம் கலாஸ்! டென்ஷன் மாஃபி!"

நேபாளிகள் விசிலடித்தார்கள். லாகூர்க்காரர் தலையில் கைவைத்துக்கொண்டு சிரித்தார். கில்ன் மாஸ்டர் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "அச்சா, அச்சா" என்றார். பிறகு, "கானா காயா?" என்றார்.

"மாஃபி பாய். ஜல்தி ஜல்தி கானா!"

அவர் ஆப்பை எடுத்து, கண்ணைத் துடைத்துவிட்டு, மெதுவாக எழுதி எங்கள் எல்லோருக்கும் நேரே திருப்பிப் பிடித்தார். 'என் மகள் இன்னும் சாப்பிடவில்லையாம். சீக்கிரம் போய்ச் சாப்பிடப் போகிறாள்.'

அவள் சொன்னபோதே எங்களுக்கும் புரிந்துவிட்டது என்று யாரும் சொல்லவில்லை. ஒவ்வொருவராக எட்டிப் பார்த்துப் படித்து, தலையாட்டினோம்.